மூன்றாவது லார்ஜ்

என் ஆபீஸ் சிநேகிதிகளுக்கு லோயர் பரேலில் புதிது புதிதாகத் திறக்கிற இடங்கள்தான் பிடிக்கும். கூப்பிட்டால் நானும் போவேன். பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவளின் வாய் அசைவது தெரியும், பேசுவது கேட்காது. கிளாஸில் பாதிக்கு மேல் ஐஸ், அதன் தலையில் ஒரு புதினா இலை. இரண்டு மணி நேரம் சும்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கும். "உனக்கு வயசாயிடுச்சு" என்பார்கள். வயசெல்லாம் இல்லை. நான் பழைய பர்மிட் ரூமில், அதாவது பாம்பேயின் பழைய பாணி மதுக்கடையில், வளர்ந்தவள். இதைச் சர்ச்சில் சொன்னால் என் பெஞ்சில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருப்பேன், அதனால் சொல்வதில்லை.

சிநேகிதிகளையும் சில தடவை பழைய இடங்களுக்கு இழுத்துப் போயிருக்கிறேன். ஃபோர்ட்டில் ஒன்று, மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே ஒன்று. முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகு கேட்காமலே வந்து விழுகிற வேர்க்கடலையும், வெங்காயம் தூவிய அவித்த கொண்டைக்கடலையும், உப்பு மிளகாய்த்தூள் போட்ட வெள்ளரிக்காயும் காலியானதும், "இது ஃப்ரீயா?" என்று கேட்பார்கள். பாம்பேக்காரர்கள் சக்னா என்று சொல்லும் அந்தத் தட்டு காலியாகக் காலியாக நிரம்பும். பேசுவது காதில் விழும். வெயிட்டர் முகம் பார்த்துப் பேசுவார். எனக்கு அது போதும்.

எங்கள் பர்மிட் ரூம் செம்பூரில் இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க ஆண்கள், பெரும்பாலும் தனித்தனியாக வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள். குறுகலான படி ஏறினால் மேலே ஃபேமிலி செக்‌ஷன். ஆறு கேபின், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணித் திரை, நடுவில் பிளைவுட் தடுப்பு. தடுப்பு கூரை வரைக்கும் போகாது. தும்மினால் ஆறு கேபினுக்கும் தெரியும். மெனுவில் சுர்மை என்று போட்டிருக்கும் சீலா மீனை, அதாவது வஞ்சிரத்தை, ரவையில் புரட்டி வறுத்துத் தருவார்கள். அதற்காகவே போகலாம் என்பாள் அம்மா. அம்மா அதற்காகப் போகவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமான புதிதில் டிப்போ சகாக்களோடு குடித்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா சண்டை போடவில்லை. ஒரே ஒரு சட்டம் போட்டாள். "குடிக்கணும்னா என் கண்ணுக்கு முன்னால குடிங்க. ரெண்டு. மூணாவது கேட்டியன்னா நான் எந்திச்சுப் போயிருவேன், பொறவு வரவே மாட்டேன்." அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு ஐந்து மணிக்கு, இரண்டு லார்ஜ் ரம். அப்பா இரண்டாவதை முடித்ததும் கிளாஸைப் பேப்பர் நாப்கின் மேல் கவிழ்த்து வைப்பார். சாப்பிட்ட இலையை மடிப்பதுபோல, அதற்குமேல் பேச்சில்லை. சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் சந்தில் மற்ற வீடுகளைப் பார்த்த பிறகுதான் புத்தி தெளிந்தது.

தாராவியில் இருந்துகொண்டு செம்பூருக்கு ஏன் போகவேண்டும்? சயானில் பார் இல்லையா? இருக்கிறது, சர்ச் ஆட்களும் இருக்கிறார்கள். அப்பா சபையில் ஜெபம் நடத்துகிறவர். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் போதகருக்கு முன்னால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் சயானில் பஸ் பிடித்து, யாருக்கும் நம்மைத் தெரியாத செம்பூருக்கு. "எங்க கிளம்பிட்டிய?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "செம்பூர்ல ஒரு ஜெபத்துக்கு" என்பாள் அம்மா. அது முழுப் பொய்யும் இல்லை. சாப்பாடு வந்ததும் அப்பா கேபினுக்குள் கண்ணை மூடி ஜெபிக்காமல் ஒரு கடலையைத் தொடமாட்டார். அப்பாவுக்கு மெதுவாக ஜெபிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் பன்னிரண்டு தையல் மெஷின் ஓடியது. அதற்குமேல் கத்தினால்தான் ஆண்டவருக்குக் கேட்கும் என்று பழகிவிட்ட தொண்டை.

எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது அந்தச் சம்பந்தம் வந்தது. அதற்கு முன் இரண்டு தட்டிப்போயிருந்தன. ஒன்று, நாங்கள் தாராவி என்பதால். இன்னொன்று, பெண் ரொம்பக் கேள்வி கேட்கிறாள் என்பதால். இது நவி மும்பை கோபர்கைரனேயில் இருந்த குடும்பம். அப்பா இல்லாத பையன், அம்மா மட்டும். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகரோடு வீட்டுக்கு வந்தார்கள்.

மாப்பிள்ளை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க எந்த லோக்கல் பிடிக்கிறீங்க? சீட் கிடைக்குதா?" எட்டு இருபத்தாறு ட்ரெயின், கிடைக்காது என்றேன். அடடா என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது. நம்பர் வாங்கிக்கொண்டு தினமும் பேசினோம். அவருக்குத் தமிழ் படிக்கத் திணறும். சர்ச் பாட்டுப் புத்தகத்தின் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி போனில் வைத்துக்கொண்டு பாடுவார். நான் கேலி செய்வேன், அவரும் சேர்ந்து சிரிப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஆண் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அவருடைய அம்மாவும் அன்றைக்கு ஒரே கேள்விதான் கேட்டார். நகை கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவை நேராகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வீட்டுல குடி உண்டுமா? உண்டுன்னா இப்பவே சொல்லிருங்க. நாங்க டீயக் குடிச்சிட்டு சந்தோஷமா எந்திச்சுப் போயிருதோம்."

அப்பா போதகரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கர்த்தர் சாட்சியா சொல்லுதேன், எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது" என்றார்.

முறுக்குத் தட்டு என் கையில் இருந்தது. கீழே போடாமல் பிடித்துக்கொண்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

அவர்கள் போனதும் வீட்டில் நான் ஆடிய ஆட்டம் எனக்கு மறக்காது. பொய் சொன்னது ஒரு பக்கம், கடவுளைச் சாட்சிக்கு இழுத்தது இன்னொரு பக்கம். "நான் குடிகாரன் இல்லட்டி" என்றார் அப்பா. "அவிய கேட்டது குடி உண்டுமான்னு, குடிகாரன் உண்டுமான்னு இல்ல" என்றேன். ஒரு சம்பந்தம் தட்டிப்போனால் தாங்கிக்கொள்ளலாம். அந்த மனிதரைப் பொய் சொல்லிக் கட்டிக்கொள்வதும் முடியாது, விடுவதும் முடியாது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்றைக்கே நாள் குறித்திருந்தார்கள், நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் அப்பாவே போய்ச் சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் சொல்வேன் என்று கெடு வைத்தேன்.

அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில் வந்தது மாதத்துச் சனிக்கிழமை. போகவேண்டாம் என்றேன். "போலாம், போயிட்டு வந்து பேசுவோம்" என்றாள் அம்மா. பஸ்ஸில் மாப்பிள்ளையின் போன் வந்தது. "சாயங்காலம் அம்மாவ ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ராத்திரி பேசலாமா?" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். என் மனசு அப்போது அப்பாவின் பின்தலையை முறைப்பதில் இருந்தது.

எங்கள் வழக்கமான வெயிட்டர் மூன்றாவது கேபினைக் காட்டினார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், இந்தியில் அண்ணன் என்கிற பொருளில் அப்பா 'பாய்' என்று கூப்பிடுகிறவர், நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து எங்களுக்குப் பரிமாறுகிறவர். அப்பாவுக்கு ஒரு லார்ஜ், சுடுதண்ணீர், எங்களுக்கு லைம் சோடா, சுர்மை மூன்று துண்டு, எதையும் சொல்லத் தேவையில்லை. எல்லாம் வந்தது. அப்பா கண்ணை மூடினார். நாங்களும் தலையைக் குனிந்தோம்.

"பரலோகத்திலிருக்கிற எங்கள் நல்ல பிதாவே, இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று வழக்கம்போலத்தான் தொடங்கினார். பிறகு நின்றார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அடுத்தது வந்தபோது முழுத் தொண்டையில் வந்தது. "ஆண்டவரே, உம்முடைய நாமத்தைச் சொல்லி நான் பொய் சொல்லிட்டேன். அந்தத் தாயார் என் முகத்தப் பாத்துக் கேட்டாங்க, குடி உண்டுமான்னு. நான் இல்லைன்னுட்டேன். எம் பிள்ள வாழ்க்கை கெட்டிருமோன்னு பயந்து சொல்லிட்டேன். கோபர்கைரனேக்குப் போய் அந்தத் தாயார் முன்னால நிஜத்தச் சொல்ல எனக்குத் தைரியத்தத் தாரும். எம் பிள்ளை என்ன வெறுக்காம இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்."

"ஆமென்" என்றாள் அம்மா. "ஆமென்" என்றேன் நான், என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்சம் பொறுத்து, "ஆமென்" என்றது இன்னொரு குரல்.

பெண்குரல். பிளைவுட் தடுப்புக்கு மேலாக வந்தது. அப்பா கூரையைப் பார்த்தார். அவர் இருந்த நிலையில் அது மேலிருந்துதான் வந்திருக்கும் என்று நம்பத் தயாராக இருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். செம்பூர் பாரில் ஆமென் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான் எழுந்து எங்கள் திரையை விலக்கி, பக்கத்துக் கேபின் திரையையும் விலக்கினேன்.

எட்டு இருபத்தாறுக்காக வருத்தப்பட்ட மனிதர் வாய் நிறைய மீனோடு என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே அவருடைய அம்மா, கைகள் இன்னும் கோத்தபடி. மேசையில் இரண்டு லைம் சோடா. ரம் இல்லை, பீர் இல்லை.

கோபர்கைரனேயிலும் சர்ச் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் யாருக்கும் நம்மைத் தெரியாத செம்பூருக்குத்தான் வந்திருந்தார்கள்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டபடியே அந்த அம்மா எங்கள் கேபினுக்குள் வந்து என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே மகன், வாயைத் துடைத்துக்கொண்டு. அப்பா எழுந்து நின்றுவிட்டார். கையில் கிளாஸ். அதை எங்கே வைப்பது, பின்னால் மறைப்பதா என்று தெரியாமல் தவித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. அதான் ஜெபம் முடிஞ்சிட்டுல்லா."

"என்ன மன்னிச்சிருங்க" என்றார் அப்பா. உட்காரவில்லை.

"மொதல்ல நான் இங்க எதுக்கு வந்தேன்னு கேளுங்க. நீங்க மட்டும் பாவி மாதிரி நிக்க வேண்டாம்." அவர் என் அம்மாவைப் பார்த்துப் பேசினார். "மைனி, எங்க வீட்டுக்காரரு என்ன இங்கதான் கூட்டிட்டு வருவாவ. இதே மேல்மாடிக்கு. மொத லார்ஜுல பாட்டு படிப்பாவ. நல்லாப் படிப்பாவ. ரெண்டாவதுல இவனப் பத்திப் பேசுவாவ, இவன என்ன படிக்க வைக்கணும், எந்த ஊருக்கு அனுப்பணும்னு. மூணாவதுல நான் யாருன்னே தெரியாது. அதுக்கு மேல எத்தனைன்னு நான் எண்ணுனதில்ல. இந்த வெயிட்டர் அண்ணன்தான் தூக்கி டாக்ஸியில போடுவாரு. அவிய போயி பதினொரு வருஷமாச்சு. அந்தப் பாட்டையும் பேச்சையும் நான் வேற எங்க போய்த் தேட? இங்கதான் இருக்கு. மாசம் ஒருக்கா வந்து உக்காந்துட்டுப் போவேன். சபையில சொன்னா சிரிக்க மாட்டாவளா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா தன் மீன் துண்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அண்ணாச்சி, எத்தன குடிப்பிய?"

"ரெண்டு."

"இது?"

"மொதலாவது. இன்னைக்கு இதோட போதும், கீழ கொட்டிருதேன்" என்று அப்பா கிளாஸை எட்டி வைக்கப் போனார்.

"வேண்டாம். எப்பவும் எப்படியோ அப்படியே குடிங்க. எனக்குப் பாக்கணும்."

இந்தச் சம்பந்தம் இனி இந்த மேசையில் தீர்மானமாகும் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்பா உட்கார்ந்து குடித்தார். மனிதர் ரம் குடிப்பதுபோலவே குடிக்கவில்லை, கஷாயம் குடிப்பதுபோல் குடித்தார். முதலாவது முடிந்தது. வெயிட்டர் வந்தார். திரையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு குடும்பத்தையும் ஒரே கேபினில் பார்த்து ஒரு கணம் திகைத்தார். இரண்டு பக்கத்துக் கதையும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "ரிப்பீட், சாப்?" என்று தயங்கிக் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தாள். இரண்டாவது வந்தது.

கீழே மேனேஜர் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றும் நேரம், வாசனை படியேறி வந்தது. அதுவரை யார் என்ன பேசினோம் என்று நினைவில்லை. அந்த அம்மாவின் மகன் அப்பாவிடம் டிப்போவைப் பற்றி ஏதோ கேட்டார், அப்பா கியர் பாக்ஸ் பற்றிப் பதில் சொன்னார். அந்த அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸை மட்டுமே பார்த்தார். ரம் இறங்க இறங்க அவருடைய முதுகு நிமிர்ந்துகொண்டே போனது, அடி விழப்போகிறவர் உட்காருவதுபோல.

இரண்டாவது முடிந்தது. வெயிட்டர் திரையை விலக்கினார்.

"ரிப்பீட், சாப்?"

அப்பா கிளாஸைப் பேப்பர் நாப்கின் மேல் கவிழ்த்து வைத்தார். "போதும் பாய், பில்" என்றார்.

அவ்வளவுதான். என் வாழ்நாளில் நூறு தடவைக்கு மேல் பார்த்த காரியம். ஆனால் அந்த அம்மா கையை நீட்டி, கவிழ்ந்திருந்த கிளாஸின் அடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மகன் தோளைப் பிடித்தார். அவர் கையைத் தட்டிவிட்டு, "இந்த ஒண்ணுக்குத்தான் மைனி" என்றார் என் அம்மாவிடம். "இந்த ஒண்ணப் பாக்கத்தான் இருபது வருஷம் இதே பெஞ்சில உக்காந்திருந்தேன்." அம்மாவும் அழுதாள். நான் அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கிளம்பும்போது அப்பா, "போதகர் முன்னால நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுதேன்" என்றார்.

"அய்யய்ய, அது வேண்டாம் அண்ணாச்சி. இது உங்களுக்கு எங்க வச்சுத் தெரிஞ்சுதுன்னு அவரு என்னக் கேப்பாருல்லா" என்றார் அவர். அழுத கண்ணோடு சிரித்தார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. மாதத்துச் சனிக்கிழமை இப்போது ஐந்து பேருக்கு. கோபர்கைரனேயிலிருந்து நாங்கள் மூன்று பேர் வாஷியில் ரயில் மாறி வருவோம், தாராவியிலிருந்து அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில். அதே மூன்றாவது கேபின். என் வீட்டுக்காரர் ஒரு பீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கசக்கிறது என்று விட்டுவிட்டார். நான் சில நாள் ஒரு பீர் குடிப்பேன், அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். ஜெபம் பண்ணுவது அப்பா. மருமகன் எத்தனை தடவை சொல்லியும் குரல் இறங்குவதில்லை.

ஒன்று மட்டும் மாறவில்லை. அப்பாவின் இரண்டாவது கிளாஸ் முடிகிறபோது அத்தை பேச்சை நிறுத்திவிடுவார். மீன் பாதிக் கையில் நிற்கும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்பா மூன்றாவது கேட்டதில்லை, ஆனாலும் அந்த நேரம் வந்தால் அத்தைக்கு மூச்சு நின்றுவிடும்.

வெயிட்டரும் இதைக் கவனித்திருக்கவேண்டும். போன மாதம் இரண்டாவது முடிந்ததும் வந்தவர், ஒன்றும் கேட்காமல் கிளாஸை எடுக்கக் கையை நீட்டினார். அவருக்கு நல்ல மனசு, அத்தையை எதற்கு வதைக்கவேண்டும் என்று நினைத்திருப்பார். அப்பா கிளாஸைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கேளுங்க" என்றார்.

வெயிட்டர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ரிப்பீட், சாப்?"

அப்பா கிளாஸைக் கவிழ்த்தார். அத்தை மூச்சை விட்டு, மீதி மீனைச் சாப்பிட ஆரம்பித்தார்.